தவளைக்கு ஏழு போதும்

அவளுக்குக் குண்டூசி என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆனால் பெயர் பொருத்தம்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆள் சிறியவள். குத்தினால் மட்டும் நன்றாகத் தெரியும்.

ஆறாம் வகுப்பு ஆ பிரிவில் அவள் முதல் வரிசை. பிறந்ததிலிருந்தே அவளுடைய வலது கை மணிக்கட்டோடு முடிந்துவிடும். அதைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். புதிதாக யாராவது உற்று உற்றுப் பார்த்தால், "எண்ணி முடிச்சாச்சா?" என்று கேட்பாள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கமாட்டார்கள்.

கணினியில் தட்டச்சு செய்ய அவளிடம் ஒரு கருவி இருந்தது. பச்சை நிறம். உள்ளங்கை அளவு. முதுகு வளைந்து, பார்க்கத் தவளை உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அதனால் அதன் பெயரும் தவளைதான். தவளையின் முதுகில் ஏழே ஏழு விசைகள். ஒன்றை அழுத்தினால் ஓர் எழுத்து. இரண்டைச் சேர்த்து அழுத்தினால் இன்னோர் எழுத்து. மூன்றைச் சேர்த்தால் வேறொன்று. இடது கையைத் தவளைமேல் வைத்துவிட்டால் போதும், அவள் கை நகரவே நகராது. விரல்கள் மட்டும் துள்ளும்.

வகுப்பில் அவளைவிட வேகமாகத் தட்டுகிறவர்கள் இரண்டே பேர். ஆண்டு முடிவதற்குள் அந்த இரண்டு பேரையும் பிடித்துவிடுவது என்று குண்டூசி முடிவு கட்டியிருந்தாள்.

அப்படி இருந்தபோதுதான் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

கணினி அறையில் பதினான்கு கணினிகள். பல வருடமாகத் தொடாமல் விட்டிருந்த அத்தனையையும் விடுமுறையில் கணினி சார் புதுப்பித்திருந்தார். திரையில் படம் புதிது, எழுத்து புதிது, எல்லாம் பளபள. குண்டூசி தவளையின் வாலைக் கணினியில் சொருகினாள். தவளையின் சிவப்புக் கண் எரிந்தது. அவள் தட்டினாள்.

திரையில் ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினாள். கழற்றி மாட்டினாள். பக்கத்துக் கணினியில் மாட்டினாள். ஒன்றும் இல்லை.

"சார், தவளை வேலை செய்யலை."

கணினி சார் வந்து குனிந்து பார்த்தார். ஒல்லியான மனிதர். பதினான்கு கணினியையும் பள்ளிக்கூடத்தின் மணியையும் பிரிண்டரையும் ஒற்றை ஆளாகக் கவனிப்பவர். அதனால் எப்போதும் அவசரத்தில் இருப்பார்.

"எத்தனை வருஷம் ஆச்சு இதுக்கு?"

"ஒன்பது, சார்."

"அப்ப செத்துப்போச்சும்மா."

"கண்ணு எரியுதே சார்?"

"கண்ணு எரியும். உள்ளே போயிருக்கும்." சார் நெற்றியைத் தடவிக்கொண்டார். "மாசக் கடைசியில தட்டச்சுத் தேர்வு வேற இருக்கு. ஒண்ணு பண்ணலாம். உனக்கு விலக்கு எழுதித் தரேன்."

பின்வரிசையில் யாரோ, "அதிர்ஷ்டசாலி!" என்று பெருமூச்சு விட்டார்கள்.

"எனக்கு விலக்கு வேணாம், சார்."

"சரி, சாதாரண விசைப்பலகையில ஒரு கையால தட்டு. எல்லாருக்கும் பத்து நிமிஷம்னா உனக்கு இருபது."

"அதுவும் வேணாம், சார்."

"அப்ப என்னதாம்மா வேணும்?"

"தவளை வேணும்."

சார் பதில் சொல்வதற்குள் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. அவர் ஓடிவிட்டார்.

குண்டூசியின் அம்மா லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் கையிலிருக்கும் கிரீஸைத் தேய்த்துக் கழுவ அவருக்குப் பத்து நிமிடமாவது ஆகும். வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கும்.

"வேற தவளை வாங்க முடியாதா?" என்று கேட்டாள் குண்டூசி.

"அதைச் செஞ்ச கம்பெனியே மூடிட்டாங்க. ஒரு வருஷம் தேடிப் பார்த்தேனே, ஞாபகம் இல்ல?" அம்மா விரலிடுக்கைத் தேய்த்தார். "சார்தான் விலக்கு தரேங்கறாரே. வாங்கிக்கோயேன். நிம்மதியா இருக்கலாம்."

"யாருக்கு நிம்மதி?"

அம்மாவின் கை ஒரு நொடி நின்றது.

"எனக்குத்தான்" என்றார் உண்மையாக.

குண்டூசி தவளையின் வாலைச் சுருட்டிப் பையில் வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இந்த விஷயம் இத்தோடு முடியப்போவதில்லை என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் இடைவேளையில் அவள் ரேடியோவைப் பிடித்தாள். ரேடியோ அவள் வகுப்பு மாணவன். தூங்கும்போதுதான் வாயை மூடுவான் என்று அவன் அக்கா சொல்வாள். அதுவும் சந்தேகம்தான் என்று அண்ணன் சொல்வான்.

"டேய், மாடிப்படிக்குக் கீழ இருக்கற சாமான் அறையில ஒரு பழைய கணினி இருக்கு இல்ல?"

"ஆமா, உடைஞ்ச நாற்காலிக்குப் பின்னாடி. பழைய சாமான் வண்டி வந்தா அதையும் தூக்கிப் போடப் போறாங்க. போன வாரமே வரவேண்டிய வண்டி, டயர் பஞ்சராம், அந்த வண்டிக்காரர் என்ன சொன்னார்னா..."

"அதைச் சார் புதுப்பிச்சாரா?"

ரேடியோ யோசித்தான். "இல்ல. அதைத்தான் தூக்கிப் போடப் போறாங்களே!"

குண்டூசி நேராகச் சாரிடம் போனாள். அந்தக் கணினியை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"அதுவா? தாராளமா. அதை என்ன வேணா பண்ணிக்கோ. லேப்ல இருக்கற பதினாலுல மட்டும் கை வைக்காதே."

இருவரும் சாமான் அறையில் தூசியைத் தட்டி, கணினியை உயிர்ப்பித்தார்கள். அது இருமிக்கொண்டே எழுந்தது. குண்டூசி தவளையை மாட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினாள்.

திரையில் எழுத்துகள் ஓடின.

"தவளை உயிரோட இருக்கு!" என்று ரேடியோ போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

சத்தம் கேட்டுச் சாரும் வந்தார். பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அப்ப கருவி நல்லாத்தான் இருக்கு. புதுக் கெர்னலுக்குத்தான் இதைப் பிடிக்கலை போல."

"கெர்னல்னா?"

"கணினிக்குள்ள நடுவுல இருக்கற பருப்பு மாதிரி. நீ விசையை அழுத்தினா, அதைக் கேட்டு உள்ளே சொல்றது அதுதான். திரையில காட்டச் சொல்றதும் அதுதான். ஒவ்வொரு கருவியோட பேசறதுக்கும் அதுக்குள்ள ஒரு சின்ன நிரல் இருக்கும். டிரைவர்னு சொல்வாங்க."

"பஸ் ஓட்டுவாரா?" என்றான் ரேடியோ.

யாரும் சிரிக்கவில்லை.

"புதுசுல ஏன் தவளையைப் பிடிக்கலை, சார்?" என்றாள் குண்டூசி.

"அதை கெர்னல் எழுதறவங்ககிட்டதான் கேக்கணும்."

"கேக்கலாமா?"

சார் சிரித்துவிட்டார். "கேளேன்! இது திறந்த கெர்னல். யார் வேணா படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். உலகம் பூரா ஆயிரக்கணக்கான இன்ஜினியருங்க உக்காந்திருக்காங்க. ஆறாம் வகுப்பு ஆ பிரிவுலேர்ந்து எப்ப மெயில் வரும்னுதான் காத்துட்டிருக்காங்க!"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். குண்டூசியின் காது சிவந்துவிட்டது.

"ரேடியோ" என்றாள், "யார் வேணா படிக்கலாம்னு சொன்னாரு இல்ல?"

"கிண்டலுக்குச் சொன்னாரு."

"சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அது போதும்."

தவளையின் டிரைவரைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. கெர்னல் அவர்கள் நினைத்ததுபோலச் சின்னப் பருப்பு இல்லை. அதில் கோடிக்கணக்கான வரிகள். ஆனால் தவளைக்கு உரிய கோப்பில் நூற்றெண்பது வரிகள்தான். பழைய பதிப்பில் நான்கு பக்கம், புதிய பதிப்பில் நான்கு பக்கம். இரண்டையும் அச்செடுத்து மாடிப்படியில் பரப்பினார்கள்.

அந்த வரிகளில் பாதிக்கு மேல் இருவருக்கும் புரியவில்லை.

"புரியாட்டி பரவாயில்ல" என்றாள் குண்டூசி. "பழசு வேலை செய்யுது, புதுசு செய்யலை. அப்ப ரெண்டுக்கும் நடுவுல ஏதோ மாறியிருக்கு. படத்துல ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கற மாதிரிதான். நீ பழசைப் படி. நான் புதுசைப் பார்க்கறேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக, வாய் ஓயாமல் பேசச் சொல்லி ஒருவர் தன்னைக் கேட்டதில் ரேடியோவுக்குத் தாங்கமுடியாத மகிழ்ச்சி. ஒவ்வொரு வரியையும், ஒவ்வொரு புள்ளியையும், ஒவ்வொரு அடைப்புக்குறியையும் செய்தி வாசிப்பதுபோல வாசித்தான். மேலே ஏறிப்போன எட்டாம் வகுப்பு அண்ணன்கள் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

முதல் வித்தியாசம் ஓர் எழுத்துப்பிழை. யாரோ திருத்தியிருந்தார்கள். இரண்டாவது ஒரு காலி வரி. யாரோ நீக்கியிருந்தார்கள். மூன்றாவது பக்கத்தின் நடுவில் குண்டூசி கையைத் தூக்கினாள்.

"நிறுத்து. இந்த ரெண்டு வரி உன்கிட்ட இருக்கா?"

"எந்த ரெண்டு?"

அவள் விரலை வைத்தாள். அகராதியும் பாடப்புத்தகமுமாகச் சேர்ந்து அரை மணி நேரம் அந்த இரண்டு வரியோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அதன் பொருள் இதுதான்: கருவியிலிருந்து வரும் செய்தியில் எட்டு எண்களுக்குக் குறைவாக இருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிடு.

"தவளை எத்தனை எண் அனுப்புது?" என்றான் ரேடியோ.

"விசைக்கு ஒண்ணு."

"அப்ப ஏழு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வழியில் அறுந்துபோன அரைகுறைச் செய்திகளை உள்ளே விடக்கூடாது என்று நல்லெண்ணத்தில்தான் யாரோ அந்த வரிகளைச் சேர்த்திருக்க வேண்டும். அவர் கையில் ஒரு தவளை இருந்திருந்தால் எட்டு என்று எழுதியிருக்கமாட்டார். ஆனால் குண்டூசிக்கு அப்போது அதெல்லாம் தோன்றவில்லை.

"எட்டு இருந்தாத்தான் உள்ளே விடுவாங்களாமா? ஒண்ணு குறைஞ்சா வெளியே தள்ளுவாங்களாமா? யார் சொன்னது?"

அவள் பேனாவை எடுத்து, காகிதத்தில் எட்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் பெரிதாக ஏழு என்று எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

சனிக்கிழமை சார் அலுவலக வேலையாகப் பள்ளிக்கு வந்திருந்தார். சாமான் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். புதுக் கெர்னலை இறக்கி, எட்டை ஏழாக்கி, இணையத்தில் இருந்த குறிப்பைப் பார்த்து, அத்தனை வரிகளையும் ஓடும் நிரலாகக் கட்டும்படி அந்தக் கிழட்டுக் கணினிக்கே சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்கு அது வேலையைத் தொடங்கியது. பத்து மணிக்கு அதன் விசிறி விமானம் கிளம்புவதுபோலக் கத்தியது. பதினோரு மணிக்கு ரேடியோ நேரடி வர்ணனை செய்ய ஆரம்பித்தான்.

"பார்வையாளர்களே, நாற்பது விழுக்காட்டைக் கடந்துவிட்டது நம் கிழவர்! மூச்சு வாங்குகிறது! ஆனாலும் விடவில்லை!"

மூன்றரை மணிக்கு முடிந்தது. கணினியை அணைத்து எழுப்பினார்கள். குண்டூசி தவளையை மாட்டி, ஒரே ஒரு வரி தட்டினாள்.

"நான் சாகலை. இப்படிக்கு, தவளை."

ரேடியோ குதித்த குதியில் உடைந்த நாற்காலி இன்னும் கொஞ்சம் உடைந்தது.

"முடிஞ்சுது! இனிமே நீ இதுலயே தட்டலாம்."

"முடியலை" என்றாள் அவள். "இது பழைய சாமான். வண்டி டயர் சரியானா இதைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அடுத்த வருஷம் வேற கணினி. அதுக்கடுத்து வேற பள்ளிக்கூடம். போற இடமெல்லாம் நான் கெர்னல் கட்டிட்டே இருக்கணுமா? தப்பு அவங்ககிட்ட இருக்கு. அங்கேயே திருத்தணும்."

குண்டூசிக்குச் சொந்தமாக மெயில் முகவரி கிடையாது. அம்மாவிடம் கேட்டு, அவருடைய முகவரியிலிருந்து, கெர்னல் எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் போய்ச் சேரும் கடிதப் பட்டியலுக்கு அனுப்பினாள். ஒரே ஓர் எண்ணை மாற்றிய திருத்தம். கீழே தன் முழுப்பெயர். குண்டூசி என்றே போடச் சொல்லி ரேடியோ வற்புறுத்தியதை அவள் கேட்கவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. "உங்கள் திருத்தத்தைச் சேர்க்க முடியவில்லை. மெயிலில் போட்டபோது வரிகளின் இடைவெளிகள் கலைந்துவிட்டன. விதிகளைப் படித்துவிட்டு மறுபடி அனுப்பவும்."

விதிகள் இருபத்திரண்டு பக்கம் இருந்தன. படித்தாள். மறுபடி அனுப்பினாள்.

"என்ன மாற்றினீர்கள் என்பது தெரிகிறது. ஏன் என்று எழுதவில்லையே?"

ஏன் என்று எழுதினாள். ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுத ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. மூன்றாவது முறை அனுப்பினாள்.

மூன்றாவது பதில் அம்மா கையைக் கழுவப் போகும் நேரத்தில் வந்தது. அம்மாவே போனை எடுத்துப் பார்த்தார்.

"உனக்குத்தான். லிஃப்ட் வேலை இல்ல, தவளை விஷயம்."

பதில் எழுதியவர் கெர்னலில் அந்தப் பகுதிக்கே பொறுப்பாளர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

"உங்கள் முயற்சிக்கு நன்றி. திருத்தம் சரியானது. ஆனால் இந்த டிரைவரை அடுத்த பதிப்பில் முழுவதுமாக நீக்க இருக்கிறோம். கருவியைச் செய்த நிறுவனம் இப்போது இல்லை. இதை யாரும் பயன்படுத்துவதில்லை. எனவே திருத்துவதில் பயன் இல்லை."

குண்டூசி இரண்டு முறை படித்தாள். வேகமாக எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அம்மா கிரீஸ் கையோடு அப்படியே நின்று, அந்த மெயிலை வாய்விட்டுப் படித்தார். "யாரும் பயன்படுத்துவதில்லை." மறுபடி படித்தார். அவர் மூக்கு விடைத்தது.

"யாரும் இல்லையா? அப்ப இங்க நிக்கறது யாராம்?"

குண்டூசி திரும்பிப் பார்த்தாள்.

"விலக்கு வாங்கிக்கச் சொன்னேன் இல்ல, அதை மறந்துடு" என்றார் அம்மா. "பதில் எழுது."

மறுநாள் பள்ளி விட்டதும் குண்டூசி சாமான் அறையில் உட்கார்ந்து எழுதினாள்.

"மதிப்பிற்குரிய பொறுப்பாளருக்கு, இதை யாரும் பயன்படுத்துவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தையே நான் அதில்தான் தட்டுகிறேன். எட்டு எண் வேண்டும் என்று சேர்த்த நாளிலிருந்து உங்கள் கெர்னலில் அது வேலை செய்யவில்லை. கதவைச் சாத்தியது நீங்கள். சாத்திவிட்டு, யாரும் உள்ளே வரவில்லை என்று சொல்வது நியாயமா? நான் ஒருத்தி இருக்கிறேன். ஒருத்தி என்றால் பூஜ்ஜியம் இல்லை."

அந்தக் கடிதப் பட்டியலில் எழுதுவதை எல்லாரும் படிக்கலாம். ஒரு மணி நேரத்தில் வேறு யாரோ ஒருவர் குறுக்கே புகுந்தார்.

"ஒரு பொம்மைக்காக, ஒரே ஓர் ஆளுக்காக, நூற்றெண்பது வரிகளை நாங்கள் சுமக்க வேண்டுமா? நீங்கள் எந்த நிறுவனத்திலிருந்து எழுதுகிறீர்கள்?"

குண்டூசியின் விரல்கள் துள்ளின.

"ஆறாம் வகுப்பு, ஆ பிரிவிலிருந்து எழுதுகிறேன். இது பொம்மை இல்லை. இதில் நான் நிமிடத்துக்கு முப்பத்தெட்டு சொற்கள் தட்டுவேன். உங்கள் வேகம் என்ன?"

அனுப்பிவிட்டாள். ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பதில் இல்லை. இரண்டு நாள். மூன்று நாள்.

"வேகத்தைக் கேட்டிருக்க வேணாமோ?" என்றான் ரேடியோ மெதுவாக.

"கேட்டாச்சு."

"கோபிச்சுக்கிட்டாங்களோ?"

"கோபிச்சுக்கட்டும். நானும் கோபமாத்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று கணக்கு வகுப்பில் அவள் கவனம் ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

நான்காம் நாள் ஒரு கடிதம் வந்தது. பொறுப்பாளரிடமிருந்து இல்லை. முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து.

"நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். ஒரு கை எப்போதும் லீவரில் இருக்க வேண்டும். பெட்டி எண்களைக் குறிக்க மற்றொரு கைதான் மிச்சம். அதற்கு ஆறு வருடமாக இந்தப் பச்சைக் கருவியைத்தான் வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் திடீரென்று நின்றுவிட்டது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அலமாரியில் போட்டுவிட்டேன். இன்று இந்தச் சிறுமியின் திருத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறது. நீக்காதீர்கள்."

மறுநாள் காலை ஒரு மொழிபெயர்ப்பாளர் எழுதினார். தோளில் அடிபட்டதிலிருந்து அவர் இதில்தான் வேலை செய்தாராம். மாலையில், பக்கவாதம் வந்த தன் தம்பிக்காக ஒரு தையல்காரர் எழுதினார். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேரும் தங்கள் தவளை செத்துவிட்டது என்றே நினைத்திருந்தவர்கள்.

பிறகு பொறுப்பாளர் எழுதினார்.

"நான் சொன்னது தவறு. பயனாளர்கள் இருக்கிறார்கள். டிரைவரை நீக்கவில்லை. ஆனால் ஒரு சிக்கல். எங்களில் யாரிடமும் இந்தக் கருவி இல்லை. ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் இதை மாட்டிச் சோதித்து, புகார் வந்தால் பதில் சொல்ல ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் இன்னும் ஒரு வருடத்தில் இதே பேச்சு மறுபடி வரும். யார் பார்த்துக்கொள்வீர்கள்?"

பட்டியலில் யாரும் வாய் திறக்கவில்லை. கிரேன் ஓட்டுபவரும் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளரும் திறக்கவில்லை.

குண்டூசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்" என்றான் ரேடியோ. "உன் முகமே சரியில்ல. நீ அறிவியல் வீட்டுப்பாடமே இன்னும் முடிக்கலை. அது வருஷம் பூரா செய்ற வேலை. எவ்வளவு புரியாததெல்லாம் வரும் தெரியுமா?"

"வரட்டும். புரியாததைத்தானே இவ்வளவு நாள் படிச்சோம்?"

அவள் மூன்றே சொற்கள் தட்டினாள்.

"நான் பார்த்துக்கொள்கிறேன். சம்மதமா?"

பத்தாவது நிமிடம் பதில் வந்தது. அதுவும் சின்னதுதான்.

"சம்மதம். திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டேன். உங்கள் பெயரையும்."

ரேடியோ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்ததைப் பிற்பாடு யாரிடம் சொன்னாலும் நம்பவில்லை.

ஆனால் சேர்த்த திருத்தம் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர இன்னும் சில வாரம் ஆகும். தட்டச்சுத் தேர்வோ வியாழக்கிழமை. புதன்கிழமை குண்டூசி அந்த மெயில்களை அச்செடுத்துச் சாரிடம் நீட்டினாள்.

சார் நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். பிரிண்டர் கீச்சென்று அலறியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் கிண்டலுக்குத்தாம்மா கேளுன்னு சொன்னேன்."

"தெரியும் சார். அதனாலதான் கேட்டேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தவளை செத்துப்போச்சுன்னு சொன்னதும் நான்தான். திறந்துகூடப் பார்க்காம சொல்லிட்டேன். தப்பு என்னோடது." பிறகு எழுந்தார். "நாளைக்கு எந்தக் கணினியில எழுதப் போற?"

"கிழவர்ல, சார். லேப்ல வெச்சுக்க விட்டா."

"பழைய சாமான் வண்டி நாளைக்கு வருதே!"

"அதான் சார், இன்னைக்கே தூக்கணும்."

சார் சட்டைக் கையை மடித்தார். முன்னால் அவர், பின்னால் ரேடியோ, நடுவில் கிழட்டுக் கணினி. குண்டூசி திரையைத் தோளோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வழிவிடச் சொல்லிக் கத்தியபடி முன்னே போனாள். கணினி அறையில் பதினைந்தாவது இடம் உருவானது.

"இருபது நிமிஷமா?" என்று சார் மறுநாள் தேர்வு தொடங்கும்போது கேட்டார். கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். "சரி சரி, பத்து."

விசிறி கத்தியது. தவளையின் கண் எரிந்தது. மணி அடித்ததும் எல்லாரும் தொடங்கினார்கள். மணி அடித்ததும் எல்லாரும் நிறுத்தினார்கள்.

குண்டூசி நிமிடத்துக்கு நாற்பத்தொரு சொற்கள். வகுப்பில் இரண்டாம் இடம். முன்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவனை ஒரே ஒரு சொல் வித்தியாசத்தில் முந்திவிட்டாள். இன்னொருத்தி மிச்சம் இருக்கிறாள். ரேடியோவுக்குப் பதினெட்டாம் இடம். தட்டிய ஒவ்வொரு சொல்லையும் அவன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினான்.

ஏழு வாரம் கழித்துப் புதிய பதிப்பு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஒரு புதன்கிழமை குண்டூசி தன் பழைய இடத்தில் உட்கார்ந்து தவளையை மாட்டினாள். எழுத்துகள் ஓடின. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க அதில் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அன்று மதியம் அவளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. ரேடியோ தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது.

"யாரு இது? என்ன இப்படி எழுதியிருக்காங்க? 'உங்கள் டிரைவர் உருப்படியாகவே இல்லை. ஆறாவது விசையை ஒரு முறை மெதுவாக அழுத்தினால் இரண்டு முறை விழுகிறது. இதையெல்லாம் யார்தான் சோதிக்கிறீர்களோ!' குண்டூசி, உன்னைத் திட்டறாங்க!"

"திட்டட்டும்" என்றாள் குண்டூசி. அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. "இங்க கேக்க ஓர் ஆள் இருக்குன்னு தெரிஞ்சுதானே திட்டறாங்க?"

இடது கையைத் தவளையின்மேல் வைத்து, ஆறாவது விசையை ஒரு முறை மெதுவாக அழுத்திப் பார்த்தாள்.

திரையில் இரண்டு விழுந்தது.

"அட, ஆமா!" என்றாள். "டேய், போய் அந்த நாலு பக்கத்தையும் அச்செடுத்துட்டு வா."